தண்ணீருக்கு ஓர் இடம்

தென்கரை, புல்லரூ
9 மே 1954

அன்புள்ள கிளெம்,

நாங்கள் புருஷன் பெண்டாட்டி இருவரும் நலம். ஆர்ச்சிக்கு மட்டும் முழங்கால் வலி. குளிர் வரப்போகிறது என்று வானொலிக்கு முன்னால் அந்த முழங்கால்தான் சொல்கிறது. உன் வயிற்றுப்புண் எப்படி இருக்கிறது? மார்ஜரி வேளைக்குப் பால்கஞ்சி தருகிறாளா, இல்லை சட்டமன்றச் சாப்பாட்டுக்கூடத்தில் கண்டதையும் தின்கிறாயா?

உன் படம் பத்திரிகையில் வந்திருக்கிறது. வடகரை ஊருக்கு வெள்ளத் தடுப்புக் கரை கட்ட அரசு ஒப்புக்கொண்டுவிட்டதாம். கடைத்தெருவில் நடக்கவே முடியவில்லை. ஆளுக்கு ஆள் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள், ஏதோ நானே மண் சுமந்த மாதிரி. மாட்டு ஏலக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பையன் நீ, லாரியின் பின்பக்கம் ஏறி நின்று முதல் கூட்டம் பேசியபோது குரல் எப்படி நடுங்கியது! கூட்டத்தின் கடைசியில் நின்று கைதட்டியது நான் ஒருத்திதான். அந்தத் தேர்தலில் எப்படியோ தேறினாய். ஐம்பதாம் வருஷ வெள்ளத்தில் கூரை கூரையாகப் படகோட்டி ஆட்களை இறக்கினாய் பார், அன்றைக்குத்தான் நீ இந்த ஊர்க்காரன் ஆனாய். பிணங்களைப் பள்ளிக்கூடத்தில் வரிசையாகக் கிடத்தியிருந்தபோது, "இனி ஒருக்காலும் இது நடக்காது" என்று நீ சொன்னதை இன்னும் சொல்கிறார்கள்.

ஒரு சந்தேகம். நம் பக்கமும் சின்னதாக ஒரு கரை வருமென்று சர்வேக்காரர்கள் முளை அடித்துப் போயிருக்கிறார்கள். முளைகள் நம் வேலி வரை வந்து நின்றுவிட்டன. பிறகு நம் நிலத்தைத் தாண்டி, ஹாஸ்கின்ஸ் வீட்டு எல்லையில் மறுபடி ஆரம்பிக்கின்றன. போருக்குப் போய்வந்தவர்களுக்கு அரசு கொடுத்த நிலம் முழுக்க முளை இருக்கிறது. நடுவில் நாம் மட்டும் இல்லை. மறந்துவிட்டார்களா என்று கேட்டுச் சொல்.

மார்ஜரிக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
ஐடா


சட்டமன்ற விடுதி, சிட்னி
21 ஜூன் 1954

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பார்த்து மனம் குளிர்ந்தது. வயிறு பரவாயில்லை. மார்ஜரி உன்னைப் போலவே திட்டித் திட்டிக் கஞ்சி ஊற்றுகிறாள்.

நாள் முழுக்கக் கூட்டம்தான். அமைச்சரவையில் மாற்றம் வரும், நீர்ப்பணித் துறை எனக்கு வரலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். யாரிடமும் சொல்லாதே, ஆர்ச்சியிடம் மட்டும் சொல். அவன்தான் என்னைப் பார்த்து "நீ பேசியே பால் கறந்துடுவே" என்று சிரித்தவன்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. உங்களுக்கும் வயதாகிறது. விடியுமுன் எழுந்து பசு கறக்கிற காலம் போதாதா? மேட்டுப் பக்கம் கெல்சோ மலையடிவாரத்தில் நல்ல பண்ணை ஒன்று விற்பனைக்கு வருகிறது. மண் கொஞ்சம் சரளை, ஆனால் தண்ணீர் தேங்காது. ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இல்லையென்றால் இங்கே வந்து எங்களோடு இருங்கள். பின்னறை காலியாகத்தான் கிடக்கிறது. ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரியும்.

யோசித்து எழுது. ஆர்ச்சியின் முழங்காலுக்கு நல்ல தைலம் ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

என்றும் உன்
கிளெம்


தென்கரை
30 ஜூலை 1954

அன்புள்ள கிளெம்,

தைலம் வந்தது. நாற்றம் தாங்காமல் நாய் வீட்டைவிட்டு ஓடிவிட்டது. முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்றபடி சுகம்.

கெல்சோ மலையடிவாரமா? அங்கே ஆடு மேய்த்தால் ஆட்டுக்கே நாம் தீனி போட வேண்டும். ஆர்ச்சி விழுந்து விழுந்து சிரித்தான். சிட்னிக்கு வந்து உன் பின்னறையில் உட்கார்ந்து நான் எதைக் கறப்பேன்? துறைமுகத்தையா?

முளைகளைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

வடகரையில் மண் ஏறிக்கொண்டே போகிறது. இங்கிருந்து பார்த்தால் கடைத்தெருவின் கூரைகள் மறைந்து, தேவாலயத்தின் கோபுரம் மட்டும்தான் தெரிகிறது. இஞ்சினியர் லோமக்ஸ் என்று ஒருவர் உங்கள் துறையிலிருந்து வந்திருக்கிறார். நல்ல பிள்ளை, மெலிந்த உடம்பு, பெரிய காது. போன வாரம் நம் வேலியோரம் நின்று ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். தேநீருக்குக் கூப்பிட்டேன். சூடாக ஸ்கோன் ரொட்டி சுட்டு, கிரீமும் ஜாமும் வைத்தேன். ஒன்றைக்கூட முழுதாகத் தின்னவில்லை.

"உங்க வீட்டுல மாடி இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இல்லையே. எதுக்கு?"

"சும்மாதான் கேட்டேன். பரண்?"

"பரண்ல எலிதான் இருக்கு. கேக்குறது என்னன்னு நேரா கேளுங்களேன்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "உங்க தம்பிகிட்ட பேசுங்க," என்றார். வாசலில் நின்று, "நல்ல வீடு," என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

ஆர்ச்சி சொன்னான்: "மாடி இருக்கான்னு கேக்குற ஆளு நம்ம வீட்டை மெச்ச வரல, ஐடா."

நான் உன்னிடம் பேசுகிறேன். என்ன விஷயம், கிளெம்?

மார்ஜரியை விசாரித்ததாகச் சொல்.

ஐடா


நீர்ப்பணி அமைச்சர் அலுவலகம், சிட்னி
18 அக்டோபர் 1954

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமானதற்கு மன்னித்துவிடு. கடிதத்தின் தலைப்பைப் பார்த்தாலே உனக்குப் புரிந்திருக்கும். பதவிப் பிரமாணம் எடுத்தபோது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். அம்மா போன பிறகு என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியவள் நீ; அந்தக் கூடத்தில் நீ இருந்திருக்க வேண்டும்.

முளைகள் விஷயம் முழுக்கத் தொழில்நுட்பம். வேலையைப் பகுதி பகுதியாகத்தான் செய்ய முடியும். உங்கள் பகுதி அடுத்த பருவத்தில் வரும். லோமக்ஸ் கெட்டிக்காரர், ஆனால் மனிதர்களோடு பேசத் தெரியாதவர். அவர் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேரும் வந்துவிடுங்கள். வந்தால் அடுத்த குளிர்காலம் முடியும்வரை இருந்துவிட்டுப் போங்கள். பசுக்களைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்கிறேன். அம்மாவின் பியானோவை இப்போதே அனுப்பிவிட்டால் நல்லது. அந்த ஈரக் காற்றில் கெட்டுப்போகும்.

எனக்காக இதைச் செய். ஏன் என்று கேட்காதே.

அன்புடன்
கிளெம்


தென்கரை
12 டிசம்பர் 1954

கிளெம்,

நலம். உன் நலத்தை நேற்று நேரிலேயே பார்த்தேன். கொஞ்சம் இளைத்திருக்கிறாய்.

கரைத் திறப்பு விழா நன்றாக நடந்தது. பேண்டு, கொடி, வெயில். நீ பேசும்போது பலர் அழுதார்கள். ஐம்பதாம் வருஷம் புருஷனைப் பறிகொடுத்த ப்ளண்டெல் அம்மாள் மேடைக்கே ஏறிவந்து, "எங்க கிளெம் நூறு வருஷம் இருக்கணும்! இனிமே நான் மழை பெய்யும்போது தூங்குவேன்!" என்று உன் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். நானும் கைக்குட்டையை எடுத்தேன். பொய் சொல்லவில்லை.

கீழே இறங்கியதும் ஆர்ச்சி உன்னிடம் வந்தான் அல்லவா?

"என்னப்பா அமைச்சரே, எங்க பக்கம் எப்போ?"

"அடடே ஆர்ச்சி! ஆளு தெம்பா இருக்கியே. முட்டி எப்படி?"

"முட்டி கெடக்கட்டும். கரை எப்போன்னு கேட்டேன்."

"பேசுவோம், பேசுவோம்," என்றாய். பிறகு போட்டோக்காரன் பக்கம் திரும்பிக்கொண்டாய். என் கையை நீ குலுக்கியது, ஓட்டு கேட்டு வருகிறவன் குலுக்குகிற மாதிரி இருந்தது. உள்ளங்கை வேர்த்திருந்தது.

பாலம் தாண்டினால் நம் வீடு. உனக்குப் பிடிக்குமே என்று ஆட்டுத்தொடை சுட்டு, புதினாச் சாறு அரைத்து வைத்திருந்தேன். நீ வருவாய் என்று ஆர்ச்சி விழாவுக்குப் போட்ட நல்ல சட்டையைக்கூடக் கழற்றவில்லை. இருட்டும்வரை பார்த்தோம். உன் கார் நேராக ரயிலடிக்குப் போய்விட்டதாக இன்று காலை பால்வண்டிக்காரன் சொன்னான்.

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. பியானோ இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

ஐடா


சிட்னி
8 ஜனவரி 1955

அன்புள்ள அக்கா,

புத்தாண்டு உங்களுக்கு எல்லா நலமும் தரட்டும். நீ கோபப்பட்டது நியாயம். அன்றைக்கு முதல்வர் எனக்காக ரயிலில் காத்திருந்தார். உன் வீட்டுச் சமையலைத் தவறவிட்டதை நினைத்து வழியெல்லாம் வருந்தினேன்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. மார்ஜரி தோட்டத்துக்கு நீர் ஊற்றியே களைத்துப்போகிறாள். எதிர்க்கட்சிக்காரர்கள் நம் குடும்பப் பெயரோடு கரையைச் சேர்த்து என்னை "கரை ராட்டிகன்" என்று கிண்டல் செய்கிறார்கள். எனக்கு அது பட்டம் மாதிரிதான் இருக்கிறது. பக்கத்துத் தொகுதிகளிலிருந்தும் எங்களுக்கு ஒரு கரை கட்டிக் கொடுங்கள் என்று மனு வருகிறது.

கெல்சோ பண்ணை இன்னும் விற்கவில்லை. ஆர்ச்சியிடம் மறுபடி பேசிப் பார். மே மாதத்துக்குள் ஒரு முடிவு செய்துவிடுங்கள், அக்கா. அதற்கு மேல் தள்ளாதீர்கள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
கிளெம்


சிட்னி
25 ஏப்ரல் 1955

அன்புள்ள அக்கா,

நான்கு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? தொலைபேசியில் கூப்பிடலாம் என்றால் உங்கள் பக்கம் கம்பி இன்னும் வரவில்லை. தபால் நிலையத்தில் கேட்டேன். கடிதங்கள் உன் கையில்தான் கொடுக்கப்பட்டன என்றார்கள்.

மலைப்பக்கம் மழை ஆரம்பித்துவிட்டதாம். புல்லரூ சார்ஜென்ட் பேசினார். ஆர்ச்சி அடிக்கடி வடகரைக்கு வந்து, கரைமேல் குச்சியை ஊன்றி ஊன்றி நடக்கிறான் என்றார். யார் என்ன கேட்டாலும் பதில் சொல்வதில்லையாம். ஊரில் சிலர் பயந்து போயிருக்கிறார்கள். ராத்திரி பகல் முறை போட்டுக் கரையைக் காவல் காக்கிறார்கள்; கையில் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். இவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு தடவை தண்ணீரில் ஆட்களைப் பறிகொடுத்தவர்கள். பயந்தவன் கையில் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

ஆர்ச்சியை அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள். ஒரு வரி எழுது.

கிளெம்


தென்கரை
19 மே 1955

கிளெம்,

உயிரோடு இருக்கிறோம்.

லோமக்ஸ் உங்கள் துறை வேலையை விட்டுவிட்டார், உனக்குத் தெரிந்திருக்கும். போகும் வழியில் வந்து, தொப்பியைக் கழற்றாமலே, நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனார். வடகரையை உயர்த்தினால் ஆறு சும்மா இருக்காது, எங்கேயாவது வழிந்தாக வேண்டும். ஏரிக்குக் கலிங்கு வைக்கிற மாதிரி, வேண்டுமென்றே ஓர் இடத்தைத் தாழ்வாக விட வேண்டும். நீ அமைச்சராகும் முன்பே, தொகுதி உறுப்பினர் என்று, அப்படி இரண்டு இடங்கள் உன் முன்னால் வைக்கப்பட்டன. ஒன்று ஹாஸ்கின்ஸ் முதலான போர்வீரர்களின் நிலம். மற்றது ஹாலம் நிலம், ஆர்ச்சி பெயரில் இருக்கும் இந்த நிலம். நீ ஹாலம் நிலத்தைத் தொட்டுக் காட்டினாய்.

"அவர் ஒரு நிமிஷங்கூட யோசிக்கலம்மா," என்றார் லோமக்ஸ். "அதுதான் எனக்குத் தாங்கல."

அங்கே பிள்ளைகுட்டியோடு ஏழெட்டுக் குடும்பம். இங்கே கிழவன் கிழவி. கணக்கு எனக்கும் தெரியும். இந்த மேஜையில் வந்து உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறாய்?

இப்போது சொல்கிறேன்: நான் நகரப்போவதில்லை. உன் தண்ணீர் வரட்டும். தன் அக்காள் கூரைமேல் நிற்பதை அமைச்சர் பார்க்கட்டும்.

ஆர்ச்சியைப் பற்றிக் கேட்டிருந்தாய். கொட்டகைக்குப் பின்னால் பழைய அடிமரங்களை வெடிவைத்து எடுக்கிறான். வேலையாகத்தான் இருக்கிறான்.

மழை விடவில்லை.

ஐடா


சிட்னி
3 ஜூன் 1955

அக்கா,

உன் கொட்டகைக்குப் பின்னால் அடிமரம் எதுவும் கிடையாது. அப்பா காலத்திலேயே அந்த இடத்தைச் சுத்தம் செய்துவிட்டோம். அவன் எதற்காக வெடி வாங்கி வைத்திருக்கிறான்? சார்ஜென்டிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொல்ல வைக்காதே.

லோமக்ஸ் சொன்னது உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் நீயே சொல், வேறு என்ன செய்திருக்க முடியும்? ஹாஸ்கின்ஸ் நிலத்தைக் காட்டியிருந்தால் 'தன் அக்காள் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டு, நாட்டுக்காகச் சண்டை போட்டவனை மூழ்கடித்தான்' என்று ஒவ்வொரு மதுக்கடையிலும் பேசியிருப்பார்கள். நான் நேர்மையாக இருந்தேன். என் ரத்தத்துக்குச் சலுகை காட்டவில்லை. உன்னைக் கைவிடவும் இல்லை: கெல்சோ, சிட்னி, பியானோ என்று எத்தனை தடவை கெஞ்சினேன்! முன்கூட்டியே காரணம் சொல்லியிருந்தால் விஷயம் வெளியே வந்து, வழக்காகி, கரையே நின்றுபோயிருக்கும். பள்ளிக்கூடத்தில் கிடந்த பிணங்களை நீயும்தானே பார்த்தாய்?

என்னால் இதை மேடையில் எவ்வளவு நேரமும் பேச முடியும். உனக்கு எழுதும்போது மட்டும் கை ஓடவில்லை.

ஆறு பதினைந்து நாளில் பெருகும் என்கிறார்கள். நான் புறப்பட்டு வருகிறேன். நான் வரும்வரை ஆர்ச்சியைப் பிடித்து வை.

கிளெம்


சிட்னி
14 செப்டம்பர் 1955

அன்புள்ள அக்கா,

ஹாஸ்கின்ஸ் வீட்டில் தங்கியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். இருமல் நின்றதா? மார்ஜரி கம்பளி அனுப்பினாள், திரும்பி வந்துவிட்டது.

ஆர்ச்சியை அடக்கம் செய்த அன்று உன்னிடம் பேச வந்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அதனால் எழுதுகிறேன்.

மரண விசாரணையில் நான் சாட்சி சொன்னதைக் கேட்டிருப்பாய். ஊருக்கு உதவி செய்யப் படகில் வந்தவர், திரும்பும்போது வெள்ளத்தில் சிக்கினார் என்று பதிவாகிவிட்டது. கரைமேல் துப்பாக்கியோடு நின்றவர்களிடமும் பேசிவிட்டேன். படகில் என்ன இருந்தது என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள். அவன் பெயருக்குக் களங்கம் இல்லை. இந்த ஒன்றையாவது என்னால் செய்ய முடிந்தது.

வடகரையில் ஒரு வீட்டு வாசலைக்கூடத் தண்ணீர் தொடவில்லை. கரைக்கு என் பெயர் வைக்க வேண்டும் என்கிறார்கள். நான் ஒரு நிபந்தனை போட்டேன்: பெயர் வெட்டும் கல்லில் ஆர்ச்சியின் பெயரும் இருக்க வேண்டும். ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பிப்ரவரியில் தேர்தல் கூட்டம் அங்கேதான் தொடங்குகிறது. மேடையில் உனக்கு ஒரு நாற்காலி போட வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. ப்ளண்டெல் அம்மாள் உன் காலில் விழத் தயாராக இருக்கிறாள்.

நீ எதுவும் பேச வேண்டாம். வந்து உட்கார்ந்தால் போதும்.

உன் தம்பி
கிளெம்


ஹாஸ்கின்ஸ் வீடு, தென்கரை
30 ஜனவரி 1956

கிளெம்,

இருமல் போய்விட்டது. உன் வயிற்றுப்புண் அதிகமாகிவிட்டதாகப் பத்திரிகையில் பார்த்தேன். புகையிலையை நிறுத்து.

அன்று காலை கரைமேலிருந்து நீ பார்த்தது ஒரு படகு. அதில் இரண்டு பேர். படகுக்குள் பேசியது உனக்குக் கேட்டிருக்காது. அதைத் தெரிந்துகொள்.

ஆர்ச்சியைத் தடுக்கத்தான் நான் ஏறினேன் என்று இங்கே எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. நான் முன்னால் உட்கார்ந்திருந்தால் சுட மாட்டார்கள் என்று ஏறினேன். வெடியை மெழுகுத்துணியில் சுற்றி என் மடியில்தான் வைத்திருந்தேன். அதற்குள் சமையலறையில் முழங்கால் அளவு தண்ணீர். பசுக்கள் கத்திக்கொண்டிருந்தன. உங்கள் கரையில் ஒரு கை அகலத்துக்கு ஓட்டை போட்டால் போதும், மீதியை ஆறே செய்துகொள்ளும் என்று ஆர்ச்சி சொன்னான். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

கிட்டே வந்தபோதுதான் கரைமேல் இருந்தவர்களைப் பார்த்தேன். பெண்கள் வரிசையாக நின்று மணல்மூட்டையைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். ப்ளண்டெல் அம்மாளுக்குக் காலில் செருப்பில்லை. நீ கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு மூட்டையைத் தோளில் வைத்திருந்தாய். எங்களைப் பார்த்ததும் மூட்டையைப் போட்டுவிட்டு, துப்பாக்கிக்காரன் முன்னால் குறுக்கே ஓடினாய்.

"சுடாதீங்கடா! அது என் அக்கா!"

"உன் தம்பி குரல்," என்றான் ஆர்ச்சி.

"திருப்பு, ஆர்ச்சி."

"என்னது?"

"படகைத் திருப்பு."

"திருப்பினா வீடு போயிடும், ஐடா. எல்லாம் போயிடும்."

"போகட்டும்."

"நீ எரக்கப்படுவேன்னு தெரிஞ்சுதான் அவன் உன் எடத்தைத் தொட்டான். புரியுதா உனக்கு?"

"புரியுது. திருப்பு."

அவன் என்னையே பார்த்தான். எத்தனை வருஷம் குடித்தனம் செய்திருக்கிறோம், அப்படி ஒரு பார்வை நான் பார்த்ததில்லை. பிறகு என் மடியிலிருந்ததை எடுத்து ஆற்றில் போட்டுவிட்டுத் துடுப்பைத் திருப்பினான். போகும்போது ஆற்றை எதிர்த்துப் போன படகு, திரும்பும்போது அவன் சொல்பேச்சைக் கேட்கவில்லை. தண்ணீர் முழுக்க நம் நிலத்தை நோக்கித்தான் ஓடியது. நீ விட்ட வழி. வேலிக்கம்பி தண்ணீருக்குள் இருந்தது தெரியவில்லை. படகு கவிழ்ந்ததும் அவன் கோட்டு அந்தக் கம்பியில் மாட்டிக்கொண்டது. அவனே இழுத்துக் கட்டிய கம்பி. நான் அவன் கையைப் பிடித்திருந்தேன். பிறகு என் கையில் அது இல்லை.

என்னை இழுத்துக் கரையேற்றியது யார் தெரியுமா? நம் நிலத்துக்குப் பின்னால் குட்டையோரம் தகரக் குடிசை போட்டிருக்கும் பூர்வகுடிகள். எல்சி மெரிட் என்ற பெண் தன் போர்வையை எனக்குச் சுற்றிவிட்டாள். அவளுடைய குடிசையும் போய்விட்டது. "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, தண்ணி இந்தப் பக்கம் வரும்னு?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "எங்ககிட்ட ஒருத்தரும் சொல்லலையே," என்றாள். நான் நாற்பது வருஷமாக அந்தக் குட்டையைத் தாண்டிப் பசு ஓட்டியவள், கிளெம். எனக்கு மே மாதமே தெரியும். எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

விசாரணையில் நீ சொன்னதைப் பற்றி. ஆர்ச்சி கரையை உடைக்க வந்தான். உடைக்காமல் திரும்பினான். இரண்டும் சேர்ந்ததுதான் என் புருஷன். அதில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியைக் கல்லில் வெட்டப் பார்க்கிறாய். வேண்டாம்.

உன் மேடையில் நாற்காலி போட வேண்டாம். இந்தத் தொகுதியில் நானே நிற்கிறேன். நேற்று மனு கொடுத்தேன். ஹாஸ்கின்ஸ் முன்மொழிந்தான், கட்சி எதுவும் இல்லை. வேறு யாரும் சொல்லி நீ கேட்கக்கூடாது என்பதற்காக இன்றே எழுதுகிறேன். முதல் கூட்டம் வடகரையில், கடைத்தெருவில், லாரிமேல். படகு, வெடி, யார் எந்த இடத்தைத் தொட்டது, எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். எல்சி மெரிட்டுக்கு நான் சொல்லாததையும்.

ஊரார் கல்லெறிந்தாலும் எறியட்டும். நேரம் தவறாமல் சாப்பிடு.

ஐடா


புல்லரூ ஓட்டல், வடகரை
11 மார்ச் 1956

அன்புள்ள அக்கா,

நலமா என்று கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

முடிவு உனக்குத் தெரியும். ஜெயித்தேன், ஆனால் அறிவித்தபோது கூடத்தில் யாரும் கைதட்டவில்லை. தென்கரை முழுக்க உனக்கு. வடகரையிலேயே மூன்றில் ஒருவர் உனக்குத்தான் போட்டிருக்கிறார்கள், காலில் ஈரம் படாமல் காப்பாற்றப்பட்ட அதே ஆட்கள். முதல் கூட்டத்தில் உன்மேல் முட்டை எறிந்தார்களாமே. நீ துடைத்துக்கொண்டு தொடர்ந்து பேசினாயாம். கடைசியில் நின்று ப்ளண்டெல் அம்மாள்தான் கைதட்டினாள் என்று கேள்விப்பட்டேன். இப்போது தெருவில் என்னைப் பார்த்தால் அவள் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள்.

அமைச்சர் பதவி இன்னும் இருக்கிறது. முந்தாநாள் புது இஞ்சினியர் வந்தார். போன வெள்ளம் கரையின் உச்சிக்கு மிக அருகில் வந்துவிட்டதால் வடகரையை இன்னும் உயர்த்த வேண்டுமாம். ஊரும் அதைத்தான் கேட்கிறது. உயர்த்தினால் ஹாலம் நிலம் மட்டும் போதாது. தண்ணீருக்கு இன்னோர் இடம் வேண்டும். வரைபடத்தை விரித்து என் கையில் பென்சிலைக் கொடுத்தார். ஹாஸ்கின்ஸ் நிலமும், குட்டையோரத்து மேடும். அந்த மேட்டில்தான் எல்சி மெரிட்டும் மற்றவர்களும் மறுபடி குடிசை போட்டிருக்கிறார்கள். படத்தில் அங்கே ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

"முடிவாகும்வரை விஷயம் வெளியே போகக்கூடாது சார்," என்றார். "போனா வேலை நின்னுடும்."

போன தடவை நான் சொன்ன அதே வார்த்தை.

பென்சிலைத் தொடவில்லை. முதல்வருக்குச் சொல்லாமல் ரயில் ஏறி வந்துவிட்டேன். நாளைக் காலை குட்டையோரம் போய்ச் சொல்வேன். பிறகு ஹாஸ்கின்ஸ், பிறகு மற்ற வீடுகள். விஷயம் வெளியே வந்ததும் என் பதவி போகும். கரை நின்றுபோகலாம். அடுத்த வெள்ளத்தில் இந்த ஊரில் யாராவது செத்தால் அதுவும் என் தலையில்தான். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. கேட்காமல் கோடு போட மட்டும் இனி என்னால் முடியாது.

துணைக்கு வருகிறேன் என்றார் சார்ஜென்ட். ஹாஸ்கின்ஸ் முன்கோபி, வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். ஓட்டல் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. தகரக் கூரைமேல் முதல் தூறல் விழுகிறது.

நீ ஹாஸ்கின்ஸ் வீட்டில்தான் இருக்கிறாய் என்று தெரியும். நான் கதவைத் தட்டும்போது நீ வந்து திறக்காதே, அக்கா. வேறு யாராவது திறக்கட்டும். அவர்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் இருக்கிறது. உன் முகத்தைப் பார்த்தால் அது போய்விடும்.

உன்
கிளெம்